பெட்டியை எங்கே வைப்பது?

மலர்க் குழு நண்பர் போனில் சொன்னது இதுதான்: "மெஸ் சாம்பார், அட்டெண்டன்ஸ், பஸ் டே எல்லாம் ஏழெட்டுப் பேர் எழுதியாச்சு. நீயாவது உன் தொழிலைப் பத்தி எழுது." என் தொழில் வண்டிக்குள் இடம் பிடித்துக் கொடுப்பது. எந்தப் பாகம் எங்கே உட்காரும், அதற்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நாலு டிபார்ட்மெண்டுக்கு நடுவே பஞ்சாயத்து பண்ணுகிற வேலை. இதற்கு பேக்கேஜிங் என்று பெயர். ஊரில் சொந்தக்காரர்கள் நான் ஏதோ அட்டைப்பெட்டி கம்பெனியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்துவதை நான் விட்டுவிட்டேன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே எல்லாரும் குதிரை சக்தியைப் பற்றிப் பேசுவார்கள். எத்தனை விநாடியில் நூறைத் தொடும் என்பார்கள். என்னைப் போன்றவனுக்கு அதைவிட சுவாரசியமான கேள்வி ஒன்று உண்டு: ரெண்டு பேர் ரெண்டு நாள் வெளியூர் போகணும், பெட்டியை எங்கே வைப்பது? சின்னக் கேள்விதான். ஆனால் கடந்த அறுபது வருஷத்தில் உலகத்தின் மிக அழகான சில கார்களின் உருவத்தையே இந்தக் கேள்வி மாற்றியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் பாலபாடம். அம்பாசிடரும் ப்ரீமியர் பத்மினியும் நமக்குச் சொல்லிக் கொடுத்தது முன்னால் பானெட், பின்னால் டிக்கி. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இது தலைகீழ்: இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அதில் இரண்டு சீட்டுக்கு நேர் பின்னால், பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். இதுதான் மிட் இன்ஜின், அதாவது நடு இன்ஜின். (முன் சீட்டுக்கு அடியில் இன்ஜினை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன நம்ம மாருதி ஆம்னியும் கணக்குப்படி நடு இன்ஜின் வண்டிதான். ஃபெராரிக்காரர்களிடம் சொல்ல வேண்டாம்.)

ஏன் நடுவில்? மெக்கானிக்ஸ் பேப்பரில் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? எடையை, தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. 150 கிலோ இன்ஜின் வண்டியின் மையத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தால் 600. அதையே 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 150. நாலில் ஒரு பங்கு. வளைவில் வண்டியைத் திருப்ப அவ்வளவு குறைவாக மல்லுக்கட்டினால் போதும். சரி, 15 கிலோ பெட்டியை அதே 2 மீட்டர் தூரத்தில் வைத்தால்? வெறும் 60. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே கனமானவர்களெல்லாம் நடுவுக்கு வரட்டும், இன்ஜின், மனிதர்கள், பெட்ரோல் டேங்க் எல்லாம். லேசான பெட்டி படுக்கை ரெண்டு ஓரத்துக்கும் போகட்டும். முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி என்கிற யோசனை இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

காகிதத்தில் இது சுலபம். நிஜத்தில் மூக்கிலே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் பலர்: ரேடியேட்டர், ஸ்டெப்னி, பேட்டரி, ஸ்டீயரிங் சமாசாரங்கள், போதாததற்கு ஓட்டுகிறவரின் கால். வாலில் கியர் பாக்ஸ், சைலன்ஸர், எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம். இவர்கள் யாரையாவது கிளப்பினால்தான் பெட்டிக்கு இடம். யாரை எப்போது கிளப்பினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆரம்பத்தில் இந்தத் தலைவலியே இல்லை, ஏனென்றால் இது பந்தயக் கார்க்காரர்களின் யோசனை. 1934-ல் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கம்பெனிக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த 16 சிலிண்டர் வண்டியில் முன்னால் டிரைவர், நடுவே பெட்ரோல் டேங்க், அதன் பின்னால் இன்ஜின். பெட்ரோல் தீரத் தீர முன்பின் சமநிலை மாறாமல் இருக்க டேங்க் நடுவில். அந்த ஒரு விஷயம் இன்றைய பந்தயக் கார்களிலும் உண்டு. யுத்தம் முடிந்து, இங்கிலாந்தில் கூப்பர் என்ற சின்ன கம்பெனி அதே ஏற்பாட்டைக் கையில் எடுத்தது. 1958-ல் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் ஸ்டிர்லிங் மாஸ் கூப்பரில் ஜெயித்தார். 1959, 1960 இரண்டு வருஷமும் ஜாக் பிரபாம் அதிலேயே உலக சாம்பியன் ஆனார். குதிரை வண்டியை இழுக்கணும், தள்ளக்கூடாது என்று பிடிவாதமாக இருந்த என்ஸோ ஃபெராரிகூட 1961-ல் தன் பந்தயக் காரின் இன்ஜினைப் பின்னால் தள்ளிவிட்டார். பந்தயக் காரில் ஏது பெட்டி?

ஆனால் அப்படியும் முழுசாகத் தப்பிக்க முடியவில்லை. லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், ரோட்டில் ஓடுகிற காரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டிகளுக்கு ஒரு விதி போட்டார்கள்: ஒரு சூட்கேஸ் வைக்க இடம் இருக்கணும். ஃபோர்டு ஜிடி40 காரர்கள் வாலில் கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி மாதிரி ஒன்றை மாட்டிக் கணக்குக் காட்டினார்கள். இதில் மகா கெட்டிக்காரத்தனம் பிற்பாடு 1998-ல் டொயோட்டா செய்தது. ஜிடி-ஒன் என்ற வண்டியில் மருந்துக்கும் டிக்கி கிடையாது. "பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கும்போது அதற்குள் ஒரு சூட்கேஸ் கொள்ளும், ஆகவே அதுதான் சாமான் வைக்கும் இடம்" என்கிற வாதத்தை வைத்தார்கள். நம்புங்கள், ஒத்துக்கொண்டார்கள். வைவாவில் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் நம் புரொஃபஸர்கள் மார்க் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

ரோட்டுக்கு வருவோம். 1962-ல் பிரான்ஸில் ரெனே பொன்னே என்பவர் ரெனால்ட் 8 காரின் இன்ஜினை சீட்டுக்குப் பின்னால் வைத்து ஜெட் என்ற காரை விற்றார். விற்பனைக்கு வந்த நடு இன்ஜின் கார்களில் முதலாவது என்று இதைத்தான் சொல்வார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது என்னவோ 1966-ல், லம்போர்கினி மியூராவை. ஜான் பாவ்லோ டல்லாராவும் பாவ்லோ ஸ்டான்ஸானியும் 12 சிலிண்டர் இன்ஜினைக் குறுக்கே திருப்பி, கியர் பாக்ஸையும் அதோடு ஒரே வார்ப்பில் சேர்த்துவிட்டார்கள். உடல் பெர்டோனே கம்பெனியின் மார்சேல்லோ கான்டினி வரைந்தது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பெட்ரோல் டேங்க், ஸ்டெப்னி, ரேடியேட்டர் மூன்றும் மூக்கில் குடியேறிவிட்டன. பெட்ரோல் குறையக் குறைய வேகத்தில் மூக்கு லேசாகி மேலே தூக்கப் பார்க்கும். மிச்சம் இருந்தது வாலில் இன்ஜினுக்கும் பின்னால் ஒரு சின்னப் பொந்து. அடியில் சைலன்ஸர். அதில் சாக்லேட் வாங்கி வைத்துக்கொண்டு போனால் வீட்டில் குழந்தைக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொள்ளலாம்.

இந்த வெப்பப் பிரச்னையை லேசாக நினைக்க வேண்டாம். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் டிக்கிக்கு முன்சுவர் இன்ஜின் அறை, தரை புகைக்குழாய். தகடு போட்டு மறைக்கலாம், காற்று விடலாம். குறைக்கத்தான் முடியும், ஒழிக்க முடியாது. இன்றைக்கும் இரட்டை டிக்கி கார் வைத்திருப்பவர்கள் ஐஸ்கிரீமை முன்னால் வைப்பார்கள், சுடச்சுட வாங்கின பார்சலைப் பின்னால். எதற்கும் ஒரு உபயோகம்.

ஆனால் மியூராவில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருந்தது. இன்ஜினைக் குறுக்கே வைத்தால் அதன் நீளம் வண்டியின் அகலத்தில் கரைந்துபோகும். பின் சக்கரத்துக்குப் பின்னால் வெற்றிடம் கிடைக்கும். நீளவாக்கில் வைத்தால் கியர் பாக்ஸ் பின் அச்சைத் தாண்டி வால்வரைக்கும் நீண்டு அந்த இடத்தைத் தின்றுவிடும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இரண்டு டிக்கி என்ற யோசனையை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியது 1969-ல் வந்த போர்ஷே 914. ஃபோக்ஸ்வாகனும் போர்ஷேயும் சேர்ந்து செய்தது. என்னைக் கேட்டால் பேக்கேஜிங் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இன்ஜின் காற்றால் குளிர்வது. ஆகவே ரேடியேட்டர் என்கிற ஆசாமியே இல்லை. சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கும். ஆகவே இன்ஜின் உயரம் குறைவு, கியர் பாக்ஸ் பின்னால் நீண்டாலும் அதற்கு மேலேயே ஒரு தாராளமான டிக்கி. மூக்கில் ஸ்டெப்னியைப் படுக்க வைத்து, டேங்கை அதற்குப் பின்னால் சீட்டுப் பக்கமாகத் தள்ளி, நடுவே ஆழமான பள்ளம். வண்டியின் கூரையைக் கழற்றினால் அது பின் டிக்கிக்குள் மேலாகப் போய்ப் படுத்துக்கொள்ளும், அதன் அடியில் பெட்டி வைக்கலாம். அழகு என்று சொல்ல மாட்டேன். முன்னும் பின்னும் ஒரே மாதிரி தட்டையாக, வருகிறதா போகிறதா என்று தெரியாத உருவம். ஆனால் 1976 வரை ஒரு லட்சத்துக்கு மேல் விற்றார்கள். நடு இன்ஜின் கார் என்றால் பணக்காரனின் பொம்மை என்றிருந்த காலத்தில் இது பெரிய எண்ணிக்கை.

மூன்று வருஷம் கழித்து, 1972-ல், இத்தாலிக்காரர்கள் பதில் சொன்னார்கள். ஃபியட் எக்ஸ்1/9. மியூராவை வரைந்த அதே கான்டினி, இந்த முறை ஏழைகளுக்காக. ஃபியட் 128 என்ற சாதாரணக் குடும்பக் காரில் முன்னால் குறுக்கே இருந்த 1290 சி.சி. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் அப்படியே அலாக்காகத் தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். இதில் ரேடியேட்டர் உண்டு, அது மூக்கில். அப்போ மற்ற இருவரை எங்கே அனுப்புவது? ஒரு சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் டேங்க், இன்னொரு சீட்டுக்குப் பின்னால் ஸ்டெப்னி. இரண்டும் இன்ஜினுக்கு முன்னால், பக்கத்தில் பக்கத்தில். முன் டிக்கி காலி! கழற்றின கூரை முன் டிக்கியில் மேலே படுத்துக்கொள்ளும். அதற்கு அடியிலும் பை வைக்கலாம். இன்ஜின் குறுக்கே இருப்பதால் பின்னால் இன்னொரு டிக்கி. மொத்த நீளம் 3.8 மீட்டர் சொச்சம், அதாவது நம்ம ஊர் ‘நாலு மீட்டருக்குள்’ கார்களைவிடக் குட்டி. கூரையைக் கழற்றிய பிறகும் முன்னும் பின்னும் சாமான் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம். 1982-க்குப் பிறகு பெர்டோனே தன் பெயரிலேயே இதை விற்று, 1989 வரை ஓட்டியது. துரு பிடிக்கும் என்ற கெட்ட பேர் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்டெப்னி யோசனைக்கு ஒரு கும்பிடு.

இனி ஃபெராரி. இங்கேதான் பெட்டி ஒரு காரின் முகத்தையே மாற்றியது.

1973-ல் ஃபெராரி விற்க ஆரம்பித்த பெர்லினெட்டா பாக்ஸரில் 12 சிலிண்டர் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், கியர் பாக்ஸுக்கு மேலே. ரேடியேட்டர் மட்டும் மூக்கில். இன்ஜின் ஒரு பக்கம், ரேடியேட்டர் மறுபக்கம் என்றால் என்ன ஆகும்? கொதிக்கிற தண்ணீர் மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் அறையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அப்படித்தான் போயிற்று. உள்ளே வெந்தது. சொத்தை விற்று வாங்குகிற விலையில் ஒரு நீராவிக் குளியல். மூக்கில் ரேடியேட்டர், வாலில் இன்ஜினும் கியர் பாக்ஸும் என்றால் பெட்டிக்கு இடம் எங்கே? வாங்கினவர்கள் ரெண்டையும் சொல்லிச் சொல்லிப் புலம்பினார்கள்: சூடு, சாமான்.

1984-ல் பாரிஸில் வந்த டெஸ்டாரோஸா இந்த இரண்டு புகாருக்குமான பதில். ஒரு ரேடியேட்டரை இரண்டாக்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் இடது விலாவில் ஒன்று, வலது விலாவில் ஒன்று என்று இன்ஜின் பக்கத்திலேயே வைத்தார்கள். தண்ணீர்க் குழாய் அறைக்குள் வர வேண்டிய அவசியமே போயிற்று. மூக்கு காலியானது, அங்கே ஒரு டிக்கி வந்தது. ஆனால் விலாவில் ரேடியேட்டர் வைத்தால் வண்டி அகலமாகும். பழைய பாக்ஸரைவிடக் கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் அகலம் கூடி 1.98 மீட்டருக்கு வந்து நின்றது. அந்த ரேடியேட்டருக்குக் காற்று வேணுமே? கதவிலேயே பெரிய வாய் வெட்டினார்கள். அவ்வளவு பெரிய ஓட்டையைத் திறந்து வைக்கச் சில நாடுகளின் சட்டம் விடாது. ஆகவே குறுக்கே கம்பி கம்பியாகத் தடுப்பு போட்டார்கள். கதவு முழுக்க முன்னிருந்து பின்னால் ஓடும் அந்தப் பட்டைகள்! எண்பதுகளில் உலகம் முழுக்க இளைஞர்கள் சுவரில் ஒட்டிய போஸ்டரே அந்தப் பட்டைகள்தான். அதைக் காப்பியடித்து யார் யாரோ எந்தெந்த வண்டிக்கோ ஃபைபரில் பட்டை ஒட்டிக்கொண்டார்கள். அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால், பாதி சூட்டுக்குப் பயந்தது, பாதி ஒரு சூட்கேஸ். மொடேனா பக்கத்து ஷெடோனி என்ற தோல் பை செய்கிறவர்கள் அந்த டிக்கிக்கு அளவெடுத்துப் பெட்டிகள் தைத்துக் கொடுத்தார்கள். டெய்லரிடம் சட்டை தைக்கிற மாதிரி.

வேறொரு ஃபெராரி வரிசையிலும் இதே கதை. 1975-ல் வந்த 308-ல் எட்டு சிலிண்டர் இன்ஜின் குறுக்கே. ஆகவே டிக்கி பின்னால், ஜிப் போட்டுத் திறக்கிற உறையோடு. 1989-ல் அதன் வாரிசான 348-ல் இன்ஜினை நீளவாக்கில் திருப்பினார்கள். முன்பு சொன்னேனே, நீளவாக்கில் வைத்தால் வால் போச்சு என்று. போயிற்று. ஆகவே ரேடியேட்டரை விலாவுக்குத் தள்ளி டிக்கியை முன்னால் கொண்டுவந்தார்கள். 348-க்கும் பக்கவாட்டில் டெஸ்டாரோஸா மாதிரியே பட்டைகள் இருப்பதைப் பார்த்துவிட்டு அண்ணன் தம்பி ஜாடை என்பார்கள். ஜாடை மட்டும் இல்லை, அடியில் பிளம்பிங்கும் அதேதான்.

அதே 1989-ல் சிகாகோவில் ஹோண்டா தன் என்எஸ்எக்ஸைக் காட்டியது. ஷிகெரு உஎஹாரா தலைமையில் செய்தது. உடல் முழுக்க அலுமினியம். ஹோண்டாவின் எண்ணமே தினமும் ஓட்டக்கூடிய ஃபெராரி. வி6 இன்ஜின் குறுக்கே. பின்னால் நீண்ட வால். அந்த வாலுக்குள் கோல்ஃப் பை கொள்ளுகிற டிக்கி. வால் நீளத்தை அப்போது சிலர் கிண்டல் செய்தார்கள். வேகத்தில் வண்டி நேராகப் போகவும் அது உதவியது என்பது வேறு விஷயம். கோல்ஃப் மட்டை ஒரு விசித்திரமான அளவுகோல். பெட்டி என்றால் இரண்டாகப் பிரித்து அடுக்கலாம். மட்டையை மடிக்க முடியாது. இருக்கு, இல்லை, ரெண்டே பதில்தான்.

டிக்கியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஜப்பானிலேயே உதாரணம் உண்டு. டொயோட்டா எம்ஆர்2. 1984-ல் வந்த முதல் தலைமுறையில் பெட்ரோல் டேங்க் இரண்டு சீட்டுக்கும் நடுவே நீளமாக, இன்ஜின் குறுக்கே, அதன் பின்னால் உருப்படியான டிக்கி. 1989-ல் வந்த இரண்டாம் தலைமுறையும் அப்படியே. 1999-ல் மூன்றாவது வந்தது. கூரையை மடிக்கலாம், எடை குறைவு, ஓட்ட அருமை என்று எல்லாரும் எழுதினார்கள். ஆனால் பின் டிக்கியை எடுத்துவிட்டார்கள். சீட்டுக்குப் பின்னால் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டிகள், முன்னால் ஸ்டெப்னியோடு ஒரு கையளவு இடம். விமர்சனம் எழுதின அத்தனை பேரும் பாராட்டிவிட்டுக் கடைசிப் பத்தியில் "ஆனால் பெட்டியை எங்கே வைப்பது?" என்று கேட்டார்கள். 2007-ல் உற்பத்தி நின்றபோது எம்ஆர்2 என்ற பெயரும் கடையைக் கட்டியது. டிக்கி மட்டுமே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. இரண்டு சீட்டு கார்களுக்கே அப்போது நல்ல காலம் இல்லை.

மெக்லாரன் எஃப்1 காரையும் ஒரு வரி சொல்லாமல் போனால் நண்பர்கள் அடிக்க வருவார்கள். 1992-ல் கார்டன் மர்ரே செய்தது. உலகத்திலேயே வேகமான கார் என்று பேர் வாங்கியது. டிரைவர் நட்டநடுவே, இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு சீட். அதில் சாமான் வைக்கும் இடம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை! பின் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு விலாவிலும், குதிரைக்குச் சேணப்பை மாட்டின மாதிரி. நாம் போட்ட கணக்குப்படி மையத்துக்கு அதுவே கிட்டம். ரெண்டு ஓரத்துக்கும் போகாமலே பெட்டியைச் சமாளித்த ஒரே கெட்டிக்காரர்.

தண்ணீர் பிரச்னைக்குக் கடைசியாகக் கிடைத்த விடையை 1996-ல் போர்ஷே பாக்ஸ்டர் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ரேடியேட்டர் முன்னாலேயே இருக்கட்டும். ஆனால் இரண்டாக வெட்டி, மூக்கின் இடது மூலைக்கு ஒன்று, வலது மூலைக்கு ஒன்று. சக்கரத்துக்கு முன்னால் வீணாகக் கிடந்த இடம் அது. நடுப்பகுதி கிணறு மாதிரி ஆழமாகக் காலி. இன்ஜின் 914 போலவே படுத்த வாக்கில், ஆகவே பின்னாலும் ஒரு டிக்கி. முன்னால் 130 லிட்டர், பின்னால் 130 லிட்டர். முன் டிக்கிக்குள் ஒல்லியான ஒரு ஸ்டெப்னி நின்றுகொண்டிருக்கும். 2004-ல் வந்த அடுத்த தலைமுறையில் ஸ்டெப்னியையே கிளப்பிவிட்டு, பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் சின்ன பம்ப்பும் கொடுத்தார்கள். முன் டிக்கி 150 லிட்டர் ஆயிற்று. வழியில் டயர் கிழிந்தால் திரவம் எதுவும் செய்யாது என்பதை டிக்கி அளவைச் சொல்லும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். ஸ்டெப்னி இல்லாத காரை நம்ம ஊரில் ராத்திரி ஓட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஃபெராரியும் 1999-ல் 360 மொடேனாவில் ரேடியேட்டரை மூக்கின் இரண்டு மூலைக்குக் கொண்டுவந்து, முன் டிக்கியை நடுவில் காப்பாற்றிக்கொண்டது. விலாப் பட்டைகளின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நம்ம நாட்டுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 2009-ல் வந்த டாடா நானோ ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, பின் இன்ஜின் கார். ஆனாலும் அதே சண்டைதான். 624 சி.சி. இன்ஜின் பின்னால். பானெட்டைத் திறந்தால் ஸ்டெப்னி. பின் சீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்துக்கு வெளியிலிருந்து திறக்கும் கதவே இல்லை. உள்ளே போய் சீட்டை மடித்து எடுக்கணும். 2015-ல்தான் பின் கதவு திறந்தது. அதற்குள் நிறைய பேர் வேறு கார் வாங்கிவிட்டிருந்தார்கள்.

கடைசியாக அமெரிக்கா. ஷெவர்லே கார்வெட் 1953-லிருந்து முன் இன்ஜின் கார். அதன் தலைமைப் பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் 1960-லிருந்தே இன்ஜினைப் பின்னால் தள்ளச் சொல்லி மன்றாடினார். மாதிரி வண்டி மேல் மாதிரி வண்டியாகச் செய்து காட்டினார். நிர்வாகம் அசையவில்லை. அவர் 1975-ல் ரிட்டயர் ஆனார், 1996-ல் காலமானார். நடு இன்ஜின் கார்வெட் 2019 ஜூலையில்தான் வந்தது.

அதை வாங்கப்போகிறவர்கள் பழைய கார்வெட்டில் பின் கண்ணாடியைத் தூக்கி இரண்டு கோல்ஃப் பையைப் போட்டுப் பழகினவர்கள். இன்ஜின் எங்கே வேணா போகட்டும், என் மட்டை எங்கே போகும் என்பார்கள். ஆகவே ரேடியேட்டர்கள் மூக்கின் இரண்டு மூலைக்கு, ஸ்டெப்னி கிடையாது, நடுவில் விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டி அளவுக்கு முன் டிக்கி. வி8 நீளவாக்கில்தான், ஆனாலும் வாலை அகலமாக நீட்டி, கியர் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு கோல்ஃப் பை கொள்ளும் டிக்கி. இரண்டும் சேர்த்து சுமார் 357 லிட்டர். அந்தக் காரின் பின்பக்கம் கனமாக இருப்பதாகச் சிலர் குறை சொல்வார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்.

முன் டிக்கியில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இது தமாஷ் இல்லை. 1998 கோடையில் அமெரிக்காவில் மூன்றே வாரத்துக்குள் மூன்று இடங்களில் விளையாட்டாகக் கார் டிக்கிக்குள் ஏறி மூடிக்கொண்ட 11 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதன் பிறகு ஒரு விதி வந்தது: 2001 செப்டம்பரிலிருந்து, மூன்று வயதுக் குழந்தை அளவு பொம்மை உள்ளே கொள்ளும் எந்த டிக்கிக்கும் உள்ளேயிருந்து திறக்கும் வழி இருக்கணும். அமெரிக்கக் கார் டிக்கியில் இருட்டில் மின்னும் கைப்பிடி தொங்குவது அதனால்தான். முன் டிக்கிக்கும் இது பொருந்தும். அங்கே சிக்கல் அதிகம். பின் டிக்கி ஓடும்போது திறந்தால் சாமான் போகும்; முன் டிக்கி திறந்தால் மூடி எழும்பிக் கண்ணாடியை மறைக்கும். உள்ளே இருப்பவர் திறக்கவும் வேணும், ஓடும்போது திறக்கவும் கூடாது. நடு இன்ஜின் கார்வெட்டில் உள்ளே ஒளிரும் ஒரு பட்டன் வைத்தார்கள். கார் நின்று கொஞ்ச நேரத்தில் அதன் மின்னணு மூளை தூங்கப் போனதும் அந்தப் பட்டனும் தூங்கிவிடலாம் என்று பிறகு தெரிந்து, 2020-ல் கார்களைத் திரும்ப அழைத்து சாஃப்ட்வேரை மாற்றினார்கள். முன் மூடி சரியாக மூடாமல் இருந்தால் மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேல் வண்டி போகாதபடியும் செய்தார்கள். எங்கள் வேலையில் ஒரு டிக்கிக்குக் கொடுக்கிற லிட்டர் கணக்கைவிட, அதன் பூட்டுக்குச் செலவாகிற ராத்திரிகள் அதிகம்.

இப்போது மூக்குக்குப் புதுசாக ஒருவர் வாடகைக்கு வருகிறார்: மின் மோட்டார். பின்னால் பெட்ரோல் இன்ஜின், முன் சக்கரத்துக்கு மோட்டார் என்கிற கலப்பினக் கார்கள். 2016-ல் மறுபடி வந்த என்எஸ்எக்ஸில் முன்பக்கத்தை மோட்டார்களும் அவற்றின் பரிவாரமும் எடுத்துக்கொண்டன. பின் டிக்கியும் பழையதைவிடச் சிறிது. கார்வெட்காரர்கள் 2023 ஜனவரியில் தங்கள் மின்மோட்டார் கார்வெட்டைக் காட்டியபோது 1.9 கிலோவாட் மணி பேட்டரியை இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள சுரங்கத்தில் திணித்துவிட்டார்கள். 1984-ல் எம்ஆர்2-வின் பெட்ரோல் டேங்க் இருந்த அதே இடம். மோட்டாரை முன் அச்சோடு ஒட்டித் தாழ்வாக வைத்தார்கள். முன் டிக்கியில் லிட்டர் குறையவில்லை. பின் டிக்கியில் கழற்றின கூரையை வைத்தால் கோல்ஃப் பைக்கு இடம் இல்லை. அந்தத் தகராறு மட்டும் 914 காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது.